பெனிட்டா ஏன் முன்னால் போகிறாள்

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டில் கத்தக்கூடாதாம். மருமகள் அமுலு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "மாமா, உங்களுக்கு பிரஷர் கீது. அந்த ஸ்கேட்டிங் பொண்ணுங்களப் பத்திக் கத்தணும்னா எங்கியாச்சும் எழுதி வெச்சிக்குங்க. எங்க காதுல ஊத்தாதீங்க."

கட்டைவிரலை மையில் தோய்க்கிறவனிடம் எழுதி வை என்கிறாள். சரி, எழுதுகிறேன். நான் சொல்ல, மாடி வீட்டு எத்திராஜு எழுதுகிறான். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் காலமெல்லாம் பத்திரம் எழுதிய கை. நான் 'கீது' என்றால் அவன் 'இருக்கிறது' என்று எழுதுவான். அது அவன் வியாதி. நான் திட்டுவதை மட்டும் குறைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று காலை நடந்தது இது. எங்கள் வீட்டுக்கு எதிரில் பூங்கா. பூங்காவுக்குள் ஸ்கேட்டிங் ட்ராக். முட்டை வடிவம். இரண்டு வளைவிலும் தரை கிண்ணம் மாதிரி சரிந்திருக்கும். மற்ற கிழவர்கள் எல்லாம் சர்க்கரைக்குப் பயந்து பூங்காவைச் சுற்றி நடப்பார்கள். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த ட்ராக் போட்ட நாளிலிருந்து அப்படித்தான். இப்போது இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கிற கேம்ப் இங்கேயே நடக்கிறது. அரியானாவிலிருந்தும் புனேயிலிருந்தும்கூடப் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மின்னல். காலில் ஒரே வரிசையாக நாலு சக்கரம். வளைவில் சாய்ந்தால் கை தரையைத் தொடும்.

அதில் நம் பெண் ஒருத்தி. பெனிட்டா. அவள் அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை. யாரோ கொடுத்த பெரிய ஷூவில் துணியைத் திணித்துக்கொண்டு இவள் முதல் முதலாக இந்த ட்ராக்கில் இறங்கியதைப் பார்த்தவன் நான். மாவட்டத்தில் ஜெயித்தது, மாநிலத்தில் ஜெயித்தது, எந்த வளைவில் யாரைத் தாண்டினாள் என்பது வரைக்கும் சொல்வேன்.

அவளை இன்று நாயாக அடித்தார்கள். கையால் அல்ல, காற்றால்.

எட்டுப் பெண்களையும் ஒரு வரிசையாக விட்டான் கோச் சுரேந்தர். முதலில் பெனிட்டா. அவள் முதுகுக்குப் பின்னால் தன்ஷிகா. டைல்ஸ் ஷோரூம்காரர் மகள். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் பெனிட்டாதான் முன்னால். முன்னால் போகிறவள் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் வருகிறவள் அவள் முதுகில் ஒளிந்துகொண்டு சும்மா வரலாம். கடைசியில் ஒளிந்து வந்தவள் வெளியே எட்டிப் பார்த்து, தெம்பாகத் தாண்டிப் போய்விடுவாள். தன்ஷிகா அதைத்தான் செய்தாள்.

இது விளங்க ஸ்கேட்டிங் படிக்க வேண்டாம். சைக்கிள் ரிக்‌ஷா மிதித்திருந்தால் போதும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் அவள்தான் முன்னால். இன்றும் டைல்ஸ்தான் தாண்டியது. தண்ணீர் லாரி வரவில்லை. எல்லாரும் நாசமாகப் போகட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பொறுக்க முடியாமல் கோச்சைக் கேட்டுவிட்டேன். பயிற்சி முடிந்து, ட்ராக்கில் அடையாளத்துக்கு வைத்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா சுரேந்தர், அந்தப் பொண்ணு இன்னா காத்து மெஷினா? தெனம் அவளையே முன்னாடி வுடுற?"

"வாங்க கன்னியப்பன் சார். பிபி மாத்திர போட்டீங்களா?"

"என் மாத்திரைய வுடு. கேட்டதுக்குச் சொல்லு."

"அவளுக்கு முன்னாடி போனாதான் புடிக்கும் தாத்தா."

"யாருக்குடா எதிர்க்காத்து புடிக்கும்?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, ஷோரூம்காரர் காரில் ஏறிப் போனான். நான் என் கண்ணால் பார்த்தேன். கோச் முன்சீட்டில் உட்கார்ந்து ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

எத்திராஜு சொல்கிறான், கார் சவாரி சாட்சியாகாதாம். பத்திரம் எழுதியவன் புத்தி. என் ரிக்‌ஷாவில் யார் யார் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள் என்பது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி, மழைக்கு முந்திய காற்று. பீச் ரோட்டில் வண்டி ஒரு அடி நகர்ந்தால் காற்று அரை அடி பின்னால் தள்ளுகிறது. பின்னால் ஒரு வக்கீல். மடியில் தோல் பை, பச்சைக்கல் மோதிரம். "என்னப்பா, தூங்கறியா?" என்றார். என் முதுகு முழுக்க வேர்வை. அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. எழுபத்தொன்றில் ஒரு பாட்டு வாத்தியார், எதிர்க்காற்று தொண்டைக்கு ஆகாது என்று எனக்குப் பின்னால் குனிந்துகொண்டே வந்தார். சொல்லிக்கொண்டே போவேன். எத்திராஜு கை வலிக்கிறது என்கிறான்.

பிப்ரவரி 8, சனி

ஒரு விஷயம் பார்த்தேன். இதை எழுதி வை.

இன்று புனேக்காரப் பெண் ஒருத்தி தானாக பெனிட்டாவைத் தாண்டி முன்னால் போனாள். நல்ல காலம், இனி இவள் கொஞ்சம் ஒளிந்து வரலாம் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒளியவில்லை. கால் வேகத்தைக் குறைத்தாள். முன்னால் போனவளுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு லாரி போகிற அளவு இடம் விட்டாள். உடனே தன்ஷிகா இவளைத் தாண்டிப் போய் எதையோ கத்தினாள். புனேக்காரி விலகினாள். பெனிட்டா மறுபடி முன்னால் வந்தாள்.

பார்த்தாயா கட்டுப்பாட்டை? முன்னால் போ என்று எவ்வளவு மிரட்டி வைத்திருந்தால் இந்தப் பெண் சுகமாக வருவதற்கே பயப்படுவாள்! அந்த டைல்ஸ் பெண் அதட்டி முன்னால் தள்ளுகிறாள்.

போன வருஷம் ஐப்பசி வரைக்கும் இப்படி இல்லை. அப்போது பெனிட்டா கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வருவாள், பார்க்கவே சிரிப்பு வரும். ஐப்பசியில் எனக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் போட்டுப் படுத்திருந்த அந்த வாரத்தில்தான் ட்ராக்கில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அவளுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு உடைந்தது. நான் பார்க்காத வாரம் அது ஒன்றுதான். குணமாகி வந்ததிலிருந்து இந்தக் கூத்து. அடிபட்டு வந்த பெண் என்ற இரக்கம்கூட இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் ரேஷன் வரிசை. பருப்பு இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அந்தக் கோபத்தோடு பூங்காவுக்குப் போனால் ஷோரூம்காரர் வேலி ஓரம் நிற்கிறார். வெள்ளை பேன்ட், கழுத்தில் துண்டு. அவராக வந்து பேச்சுக் கொடுத்தார்.

"என்ன பெரியவரே, டெய்லி வரீங்க. பேத்தி யாராச்சும் ஓடுதா?"

"எனக்கு இங்க பெனிட்டா ஓடுது."

"ஓ, நல்ல பொண்ணு. என் பொண்ணுக்கு ரொம்ப க்ளோஸ்."

"ஆமா, பாத்தேன். முதுகோட ஒட்டிக்கினு வர்ற அளவுக்கு க்ளோஸு."

அவர் முகம் மாறியது. "என்ன சொல்ல வரீங்க?"

"ஒண்ணியும் சொல்ல வரல சார். காலம் பூரா எங்க ஆளுங்க முதுகுதான் உங்களுக்குக் காத்த மறைக்கற தட்டி."

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கிழவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெனிட்டா ட்ராக்கின் நடுவில் நின்று என்னை முறைக்கிறாள். உனக்காகத்தான் பேசினேன் பெண்ணே என்று கை காட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். பாவம், அவளுக்கும் கோபம் இருக்கும், வெளியே சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

முட்டி வலி. அமுலு தைலம் தேய்த்துவிட்டுப் போகக்கூடாது என்றாள். போனேன். அதே கூத்து.

பிப்ரவரி 15, சனி

இன்று நான் ஜெயித்தேன். எத்திராஜு, இதைக் கொட்டை எழுத்தில் எழுது.

டீமுக்கு ஆள் எடுக்கிற செலக்டர் வந்திருந்தார். ஹேமலதா மேடம். ஒரு காலத்தில் இவரே பெரிய ஸ்கேட்டராம். குட்டை முடி, கையில் தொப்பி. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வழக்கம்போல பெனிட்டாவை முன்னால் விட்டான் சுரேந்தர். வழக்கம்போல அவள் காற்றை வாங்கினாள். மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்திருந்தது. பால் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டேன்.

"அம்மா, ஒரு வார்த்த."

"யார் இது?" என்றார் சுரேந்தரிடம்.

"இவரு சும்மா, எதுத்த வூட்டு தாத்தா மேடம்..."

"சும்மா இல்லமா. வருஷக்கணக்கா பாக்கறேன். இந்தப் பொண்ண ஏன் பின்னாடி வுட்டுப் பாக்க மாட்றாங்கன்னு கேளுங்க. எல்லாருக்கும் காத்து இவதான் வாங்கறா. இவளப் பின்னாடி வுடுங்க, அப்பால பாருங்க. எவளும் இவ பக்கத்துல நிக்க முடியாது."

சுரேந்தர் என் தோளைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. மேடம் அவனைப் பார்த்தார், தன் குறிப்பைப் பார்த்தார், பிறகு ட்ராக்கைப் பார்த்தார்.

"பெரியவர் சொல்றது சரிதானே சுரேந்தர்? நானும் யோசிச்சேன். நாளைக்கு அவளைப் பின்னாடி விடுங்க. கூட்டத்துக்குள்ள எப்படி ஓடறான்னு பாக்கணும்."

ஷோரூம்காரர் கைபேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். தன்ஷிகா தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவர்கள் எல்லார் முகத்திலும் ஈ ஆடவில்லை. பெனிட்டா தூரத்தில் குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது.

வருகிற வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். எனக்கு ஆகாது. எத்திராஜு தின்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பெனிட்டாவை ஐந்தாவது ஆளாக நிறுத்தினார்கள். முன்னால் நாலு பேர். விசில் ஊதியதும் எல்லாரும் போனார்கள். முதல் வளைவு வரைக்கும் சரியாக இருந்தாள். பிறகு முன்னால் போகிறவள் கொஞ்சம் அசைந்தாள், அவ்வளவுதான், பெனிட்டா நிமிர்ந்துவிட்டாள். ஸ்கேட்டிங்கில் நிமிர்ந்தால் போச்சு. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, குருடன் சுவரைத் தேடுகிற மாதிரி. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த சுற்றில் அவள் தனியாக இருந்தாள். அதற்கு அடுத்த சுற்றில் ட்ராக்கை விட்டுப் புல்லில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் எழுந்து போய் அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். பெனிட்டா தலையை ஆட்டினாள். மேடம் மறுபடியும் கேட்டார். அவள் தலையைத் தூக்கவில்லை.

சக்கரத்தில் என்னமோ பண்ணியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி யாராவது சக்கரத்தை இறுக்கியிருப்பார்கள். பின்னால் விட்டால் ஜெயித்துவிடுவாள் என்று தெரிந்ததும் வேலையைக் காட்டிவிட்டார்கள். வேறென்ன இருக்க முடியும்?

எத்திராஜு பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறான். என்னடா பார்க்கிறாய், எழுது.

பிப்ரவரி 17, திங்கள்

அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சாயங்காலம், பள்ளி விட்ட நேரம். நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைச் சாய்த்துக்கூட நிறுத்தவில்லை, தரையில் போட்டாள்.

"இன்னா தாத்தா, சந்தோஷமா?"

"வா கண்ணு. உக்காரு. அமுலு, டீ..."

"டீ வாணாம். எதுக்கு மேடம் கிட்ட போய்ச் சொன்ன?"

"உனக்காகத்தான்..."

"நான் கேட்டனா? உன்னாண்ட வந்து, தாத்தா எனக்காகப் பேசுன்னு நான் கேட்டனா?"

"தெனம் உன்ன முன்னாடி தள்றானே அந்த..."

"அவரு தள்ளல. நான் கேட்டேன்! நான்தான் கேட்டேன். எனக்குப் பின்னாடி வர முடியாது. போதுமா? முன்னாடி ஒரு சக்கரத்தப் பாத்தா எனக்கு எலும்பு ஒடஞ்ச சத்தம் காதுல கேக்குது. கை தானா நீட்டிக்குது. நாலு மாசமா கேக்குது. சாருக்குத் தெரியும். தன்ஷிகாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கே தெரியாது."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"தன்ஷி ஏன் எனக்குப் பின்னாடியே வர்றான்னு நெனச்ச? வேற எவளும் என்னத் தாண்டாம அடச்சிக்கினு வர்றா. அவ அப்பாவ நீ அத்தினி பேர் முன்னாடி அசிங்கப்படுத்தின. அவரு ஊட்டுக்குப் போயி அவளத் திட்னாரு. அப்பயும் அவ வாயத் தொறக்கல, தெரியுமா? கேம்ப் முடியற வரைக்கும் எப்டியாச்சும் ஓட்டிட்டா டீமுக்குப் போயிடுவேன், அப்பால மெதுவா சரி பண்ணிக்கலாம்னு சார் சொன்னாரு. எல்லாத்தையும் நீ வந்து..."

மூக்கைச் சிந்தினாள். அமுலு கதவோரம் நிற்கிறாள்.

"மேடம் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம கடைசி செலக்‌ஷன். மூணு பேர எடுப்பாங்க. என்னக் கடைசி வரிசைலருந்துதான் வுடுவாங்களாம். கூட்டத்துக்குள்ள ஓட முடியாதவள வெளிநாட்டுக்கு அழைச்சிக்கினு போயி இன்னா பண்றதுன்னு கேட்டாங்க. கரெக்டுதான? நீ கேட்ட மாதிரியே கரெக்டாதான் கேட்டாங்க."

சைக்கிளைத் தூக்கினாள்.

"ஞாயித்துக்கெழம வர்றதுன்னா வா. ஆனா உன் வாய்லருந்து ஒரு சத்தம் வந்துச்சு, ட்ராக்க வுட்டு எறங்கி வந்து உன்னத் தள்ளிடுவேன்."

போய்விட்டாள். வெங்காயம் கண்ணை எரித்தது. அமுலு பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காகச் சொல்கிறேன், வெங்காயம்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான் கேட்டதில் என்ன தப்பு? யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே. வருஷக்கணக்காக வேலியில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை. வெயிலிலும் மழையிலும் நிற்கிறேன். அவள் மாநிலத்தில் ஜெயித்த அன்று இந்தத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். அவளுக்குப் பயம் என்று அந்த டைல்ஸ் பெண்ணுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?

சுரேந்தர் மீது கோபம். மேடம் மீது கோபம். அந்தக் கண் டாக்டர் மீது கோபம், அடுத்த வாரம் வா என்று சொல்லியிருக்கலாம், அந்த வாரம்தான் கட்டுப் போட வேண்டுமா? நான் மட்டும் அந்த விபத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும்.

பெனிட்டா மீது சொல்ல முடியாத கோபம். எதிர்க்காற்று அவளுக்குப் பிடிக்குமாம். பிடிக்கும்படி ஆகிவிட்டதே, அதுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் போனேன். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். எனக்காகத்தான். பூட்டவில்லை என்றாலும் போயிருக்க மாட்டேன். வேலியில் நிற்க யாரும் தடுக்க முடியாது, அது மாநகராட்சி வேலி.

பெனிட்டாவைப் பின்னால் விட்டுப் பழக்குகிறான் சுரேந்தர். முன்னால் தன்ஷிகா மட்டும். "கிட்ட வா... கிட்ட வா... இன்னும் கொஞ்சம்..." என்று அவன் ட்ராக் ஓரமாக ஓடிக்கொண்டே சொல்கிறான். கன்றுக்குட்டியைக் கயிறு காட்டாமல் கூப்பிடுகிற மாதிரி. அவள் கிட்டே வருகிறாள், கை நீளுகிறது, நிமிர்கிறாள், விலகுகிறாள். மறுபடி. மறுபடி. சட்டை எல்லாம் வேர்வை. தன்ஷிகா ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. தனக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

சுரேந்தர் என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். நான் பதிலுக்குத் தயாராக இருந்தேன்.

"தாத்தா, காலுல வேணா வுழறேன். ஞாயித்துக்கெழம வூட்லயே இருங்க."

"நான் இன்னாடா பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் பண்ணல தாத்தா. ஒண்ணும் பண்ணாம இருங்க, அதான் கேக்கறேன்."

அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

பிப்ரவரி 22, சனி

பருப்பு வந்துவிட்டது. வாங்கினேன்.

சாப்பிடவில்லை. அமுலுவோடு சண்டை. எத்திராஜுவோடும் சண்டை. நாளைக்குப் போகாதே என்கிறான் இவனும். போவேன். வாயில் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டாவது போவேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போனேன்.

நல்ல கூட்டம். மைக் செட், ஷாமியானா. நான் வேலியில் என் இடத்தில் நின்றேன். துண்டின் முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் பல் வலியா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கடைசிப் போட்டி 'எலிமினேஷன்'. சில சுற்றுக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள். அந்தச் சுற்றில் கடைசியாகக் கோட்டைத் தாண்டுகிறவள் வெளியே போய்விட வேண்டும். ஒவ்வொருத்தியாகக் கழிந்து, மிஞ்சியவர்கள் கடைசிச் சுற்றில் முட்டுவார்கள். முதல் மூன்று பேர் இந்தியா டீம். எப்போதும் முன்னால் இருக்கிறவளுக்கு இந்தப் போட்டியில் பயமே இல்லை. பெனிட்டாவை மேடம் கடைசி வரிசையில் நிறுத்தினார்.

முதல் மணிக்கு முன்னால் அவள் பின்னாலேயே கிடந்தாள். எல்லாரையும் விட்டு ஒரு கை தூரம் தள்ளி. இதோ போகிறாள், முதல் ஆளாகப் போகிறாள். மணி அடித்ததும் கூட்டத்துக்குள் புகாமல், வெளிப்பக்கமாக, வளைவின் உச்சியில் ஏறிச் சுற்றினாள். அது நீளமான வழி. காற்றும் முழுக்க அவளுக்குத்தான். அரியானாப் பெண் ஒருத்தியைக் கோட்டருகில் முந்தினாள். அந்தப் பெண் வெளியே போனாள்.

அடுத்த மணிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். பின்னால் கிடப்பாள், மணி அடித்ததும் வெளிப்பக்கமாக ஏறுவாள். தெரிந்தவன் எவனும் சொல்லுவான், இப்படி ஓடினால் கால் தாங்காது என்று. உள்ளே வாடி, உள்ளே புகுடி என்று துண்டுக்குள் கத்தினேன். வாயில் நூல் நூலாக வந்தது.

நாலு பேர் மிஞ்சினார்கள். தன்ஷிகா, புனேக்காரி, இன்னொரு அரியானாப் பெண், பெனிட்டா. கடைசிச் சுற்றுக்கு மணி. பெனிட்டா மறுபடி வெளியே ஏறப் பார்த்தாள். கால் வரவில்லை. நான் பார்த்தேன், இடது கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சும்மா நின்றது. இனி வெளிப்பக்க வழி கிடையாது. ஒன்று அவர்கள் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாலாவது ஆளாகத் தனியாக வர வேண்டும்.

முன்னால் சக்கரங்கள். அவள் கை நீண்டது.

நான் திரும்பிக்கொண்டேன். ட்ராக் போட்ட நாளிலிருந்து ஒரு சுற்றுக்கும் முதுகு காட்டாதவன், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரில் பூங்காக் குப்பைத் தொட்டி. 'குப்பையை என்னிடம் போடு' என்று வாயைத் திறந்துகொண்டு ஒரு சிமென்ட் கரடி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சக்கரச் சத்தம் வளைவைச் சுற்றி வந்தது. தரையை அறுக்கிற மாதிரி. கூட்டம் கத்தியது. சத்தம் என் முதுகைத் தாண்டியது. எத்தனை பேர் சத்தம் என்று காதுக்குப் பிடிபடவில்லை. கொத்தாகப் போனது, அவ்வளவுதான்.

மைக்கில் ஒருவர் பெயர் சொன்னார். முதலில் புனே. இரண்டாவது தன்ஷிகா. பிறகு மைக் கரகரத்தது. அந்த மைக் செட்காரன் வீட்டில் விளக்கெரியாமல் போக. ஊதினான், தட்டினான், ஹலோ ஹலோ என்றான்.

மூன்றாவது பெனிட்டா.

துண்டை வாயிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தெருமுனையில் பேனர் வைத்திருக்கிறார்கள். கவுன்சிலர் படம் யானை அளவு. பெனிட்டா படம் தபால்தலை அளவு. அதைப் பார்த்துக் கத்தினேன். அமுலு மாத்திரையை மட்டும் நீட்டினாள்.

டீக்கடையில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "தாத்தா, கடைசி ரவுண்டு சொல்லு, நாங்க பாக்கல. நீ சொன்னாதான் பாத்த மாதிரி இருக்கும்." எந்தப் போட்டியையும் நான்தான் சொல்வேன், வளைவு வளைவாக. வாயைத் திறந்தேன். கரடிதான் வந்தது. பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்துவிட்டேன்.

யாரைக் கேட்பது? பெனிட்டா நேற்று என்னைத் தாண்டித்தான் போனாள். "பாத்தியா தாத்தா?" என்றாள். "பாத்தேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இனி அவளைக் கேட்க முடியாது. சுரேந்தரைக் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்று காலை தன்ஷிகா வேலி ஓரம் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருந்தாள். நான் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் அப்பாவை நான் பேசியது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"இந்தா பொண்ணே."

நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"அன்னிக்குக் கடைசி ரவுண்டு... நான் பாக்கல."

"நீங்களா? நீங்க பாக்கலயா தாத்தா?"

"பாக்கல. திரும்பிக்கினேன். இன்னா ஆச்சுன்னு சொல்லு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு வேலியிடம் வந்தாள்.

"எனக்கும் பின்னாடி தெரியாதே தாத்தா. முன்னாடி பாத்துதான ஓடினேன். மணி அடிச்சதும் அவ எறங்கிட்டான்னு நெனச்சேன். அப்பறம் வளைவுல என் இடுப்புல ஒரு கை. அவ கைதான். நீளுமே, அந்தக் கை. நான் தட்டிவிடல. கொஞ்சம் உள்ள ஒதுங்கி எடம் குடுத்தேன். அவ அப்படியே என் முதுகுக்குப் பின்னாடி குனிஞ்சிக்கிட்டா. பல்லக் கடிச்சிக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே வந்தா. ஜெபம்னு நெனச்சேன். அப்பறம் கேட்டா, உங்களத் திட்டிக்கிட்டு வந்தாளாம்."

"என்னயா?"

"ஆமா. காதுல அந்த எலும்புச் சத்தம் கேக்காம இருக்கறதுக்கு."

"அப்போ காத்து?"

"காத்து முழுக்க நான்தான் வாங்கினேன், தாத்தா."

பால் பாக்கெட் வேர்த்து என் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வேலியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சரி," என்றேன். "மணி அடிச்ச எடத்துலருந்து திருப்பிச் சொல்லு. மெதுவா."